ஆயிரம் கல்லுக்கு என்ன விலை?

"வீட்டைக் கட்டிப் பார்" என்று பெரியவர்கள் எச்சரித்து வைத்ததை அலட்சியம் செய்து, சில வருஷங்களுக்கு முன் நாம் திருவள்ளூருக்கு அருகில் ஒரு சிறு வீடு கட்டத் துணிந்தோம். உபாத்தியாயர் சம்பளத்தில் வீடு கட்டப் புகுந்தவன் முதலில் கற்றுக்கொள்வது செங்கல் கணிதம். ஆயிரம் கல்லுக்கு என்ன விலை, லாரிக்கு எத்தனை கல், இறக்கும்போது உடைவது எத்தனை, அந்த நஷ்டம் யாரைச் சேர்ந்தது என்பனவற்றில் நாம் பத்து நாளைக்குள் நிபுணராகிவிட்டோம். கல் வியாபாரியிடம் அரைமணி நேரம் வாதாடி, ஆயிரத்துக்கு நூறு ரூபாய் குறைத்த அன்று நமக்கு உண்டான பெருமையைச் சொல்லி முடியாது. வீட்டில் பாயசம் வைக்காததுதான் குறை!

அது தை மாதம். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்திருந்தது. ஏழாம் வகுப்பில் வருகைப் பதிவேட்டைப் பிரித்துப் பெயர் கூப்பிட்டபோது பதினான்காம் எண்ணுக்கு உரிய பையனிடமிருந்து பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வாரம் ஒன்று சென்றது. கணக்கில் கெட்டிக்காரன், காய்ச்சல் என்றாலும் வந்துவிடுகிற ரகம். பக்கத்தில் உட்காருகிறவனைக் கேட்டோம்.

"அவங்க வீட்டிலே எல்லாரும் சூளைக்குப் போயிட்டாங்க, சார். இனிமே ஆனியிலேதான் வருவாங்க" என்றான் அவன், மழை வருகிறது என்று சொல்வது போல.

ஆனியில் பரீட்சையெல்லாம் முடிந்து அடுத்த வகுப்பே தொடங்கியிருக்கும். பதிவேட்டில் சிவப்பு மையால் ஒரு குறி போட்டுவிட்டு வீடு கட்டும் இடத்துக்குப் போனோம். லாரி வந்து கல்லை இறக்கிக்கொண்டிருந்தது. அந்தக் கல் வந்த சாலையும் நம் பையன் போன சாலையும் ஒன்றேதான் என்று அப்போது நமக்குத் தோன்றவில்லை. வியாபாரியிடம் ஆயிரம் கல்லின் விலையைக் கேட்டோமே, கல் அறுக்கிறவனுக்கு ஆயிரத்துக்கு எத்தனை கிடைக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டோமா? இல்லை. அது தோன்றுவதற்குப் பல மாதங்கள் ஆயின. அப்படித் தோன்றியதன் விளைவே இந்தக் கட்டுரை.

முன்பணம்

திருவள்ளூர் மாவட்டத்தின் வரைபடத்தைப் பார்த்தால் அது ஏரிகளின் நாடு என்பது தெரியும். கொசஸ்தலையாறும் ஆரணியாறும் பாயும் பூமி. ஏரி இருந்தால் களிமண் உண்டு. களிமண் இருந்தால் சூளை உண்டு. பக்கத்தில் சென்னைப் பட்டணம் இருந்தால் அந்தச் சூளைக்கு ஓய்வே கிடையாது. வடக்கே கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை வந்து, இரும்பு உருக்கும் ஆலைகளும் மற்றவைகளும் வரிசையாக எழுந்தன. ஆலைச் சுவர், ஆலைத் தொழிலாளி குடியிருக்கும் அறை, அவனுக்கு அரிசி விற்கும் கடை, எல்லாவற்றுக்கும் கல் வேண்டும்.

மழைக்காலத்தில் சூளை எரியாது. ஐப்பசியும் கார்த்திகையும் ஏழையின் அடுப்பும் எரியாத மாதங்கள். அந்தச் சமயம் பார்த்து மேஸ்திரி வாசலில் வந்து நிற்பார். கையில் ரொக்கம் இருக்கும். பெண்ணுக்குக் கல்யாணம், கிழவருக்கு வைத்தியம், அல்லது வெறும் வயிற்றுப் பாடு, எதற்காகவும் வாங்கிக்கொள்ளலாம். பத்திரம் கிடையாது, வட்டி இத்தனை என்ற பேச்சு கிடையாது. "தை பிறந்ததும் வந்து கல் அறுத்துக் கழித்துவிடு, அவ்வளவுதான்." கேட்பதற்கு எத்தனை இன்பமாயிருக்கிறது!

தை பிறந்ததும் லாரி வரும். குடும்பத்தோடு ஏற வேண்டும். சூளை ஓரத்தில் நிமிர்ந்து நிற்க முடியாத ஒரு கொட்டகை. வெயிலுக்கு முன்னால் வேலை நடக்க வேண்டுமாகையால் நடுநிசிக்குப் பிறகு இரண்டு மூன்று மணிக்கே எழுந்துவிடுவார்கள். புருஷன் மண்ணை மிதிப்பான். மனைவி அச்சில் அடித்து அறுப்பாள். குழந்தைகள் பச்சைக்கல்லைப் புரட்டிக் காய வைக்கும். கூலி ஆளுக்கு அல்ல, ஆயிரம் கல்லுக்கு. ஆகவே குழந்தை வேலை செய்தாலும் அது தனியாக வேலை செய்ததாகக் கணக்கில் ஏறாது. வாரத்துக்கு ஒரு முறை அரிசி பருப்புக்குச் செலவுக் காசு கொடுப்பார்கள். அதுவும் நோட்டில் பற்று. கோடைமழை ஒன்று திடீரென்று பெய்து பச்சைக்கல் கரைந்துபோனால் அந்த உழைப்பும் மண்ணோடு மண்தான். ஆனியில் கணக்குப் பார்க்கும்போது, "இன்னும் பாக்கி இருக்கிறது, அடுத்த தையில் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். நோட்டு முதலாளியிடம் இருக்கிறது. எழுத்தும் அவருடையது, கூட்டலும் அவருடையது.

"கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டாமா?" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாமுந்தான் பாங்கியில் கடன் வாங்கி வீடு கட்டினோம். ஆனால் பாங்கி மானேஜர் நம்மை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாறிப் போகக் கூடாது என்று தடுக்கவில்லை. மாமன் மகன் கல்யாணத்துக்குப் போவதானால் மனைவியையாவது குழந்தையையாவது ஈடாக விட்டுப் போ என்று சொல்லவில்லை. தவணை தவறினால் நோட்டீஸ் வரும். ஆள் வந்து இழுத்துப் போக மாட்டார்கள். கடனுக்கும் கொத்தடிமைக்கும் உள்ள வித்தியாசம் தொகையில் இல்லை. எழுந்து போக முடியுமா முடியாதா என்பதில்தான் இருக்கிறது.

2019-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் பத்திரிகைகளில் வந்த ஒரு படம் பலருக்கு நினைவிருக்கும். காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டார்கள். அவர்களில் எழுபது வயது மதிக்கத்தக்க முதியவர் ஒருவர், மீட்க வந்த அதிகாரியின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடந்தார். அவர் வாங்கிய கடன் ஆயிரம் ரூபாய் என்று அப்போது எழுதினார்கள்.

யார் இவர்கள்?

இந்த மாவட்டத்தில் இவ்விதம் அகப்பட்டுக் கொள்கிறவர்களில் பெரும்பாலோர் இருளர்கள். தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று சர்க்கார் வகுத்துள்ள ஆறு வகுப்பாரில் ஒருவர். காடும் புதரும் ஏரிக்கரையுமே இவர்களுடைய பழைய சொத்து. பாம்பு பிடித்துத் தோலை விற்றார்கள். வயலில் எலி பிடித்தார்கள். தேனும் கிழங்கும் எடுத்தார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாம்புக்கு அது நல்ல காலம். பாம்புத் தோலால் ஜீவித்தவனுக்கு ஒரே நாளில் தொழில் குற்றமாயிற்று. சட்டம் செய்தவர்கள் கெட்ட எண்ணத்துடன் செய்யவில்லை. ஆனால் தோலுக்குப் பதில் என்ன என்று யாரும் யோசிக்கவும் இல்லை.

ஒரே ஒரு இடத்தில் யோசித்தார்கள். மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. ரோமுலஸ் விட்டேகர் என்ற பாம்பு ஆராய்ச்சியாளர் துணை நின்றார். பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுத்து மருந்துக்கு விற்று, பாம்பைத் திரும்பக் காட்டில் விடும் ஏற்பாடு. அந்த வட்டாரத்து இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. ஆனால் அந்தச் சங்கத்தில் இடம் கிடைத்தவர்கள் சில நூறு பேரே. மற்றவர்கள் செங்குன்றத்து நெல் ஆலைகளுக்கும் திருவள்ளூர்ச் சூளைகளுக்கும் போனார்கள். செங்குன்றம் அரிசி என்றால் சென்னை வீடுகளில் தனி மதிப்பு. அந்த நெல்லை இரவெல்லாம் அவித்து, பகலெல்லாம் களத்தில் கிண்டியவர் யார் என்பது மூட்டையில் அச்சிடப்படுவதில்லை.

இருளர்கள் மட்டுமல்ல. ஒடிஷாவின் மேற்கு மாவட்டங்களான பலாங்கீர், நுவாபடா முதலிய இடங்களில் நுவாகாய் என்னும் புத்தரிசிப் பண்டிகை முடிந்ததும் 'சர்தார்' எனப்படும் தரகர்கள் முன்பணத்துடன் புறப்படுவார்கள். நம் மேஸ்திரியின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். குடும்பம் குடும்பமாக ரயிலேறி இங்கே வந்து இறங்குகிறவர்களுக்கு நம் பாஷையும் தெரியாது. போலீஸ் ஸ்டேஷன் எந்தத் திசை என்றும் தெரியாது. 2011 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்துச் சூளை ஒன்றிலிருந்து இப்படிப்பட்டவர்கள் 500 பேருக்கு மேல் மீட்கப்பட்டார்கள். 2015-ல் மறுபடியும் முந்நூறு பேருக்கு மேல். ஒரு கிராமத்தையே நாலு சுவருக்குள் வைத்திருந்தது போன்ற காரியம் பட்டணத்திலிருந்து ஒன்றிரண்டு மணி நேரப் பிரயாணத்தில் நடந்திருக்கிறது.

டர்பனில் ஒரு தமிழன்

கூலியாளின் கடன் சிவில் வழக்கா, கிரிமினல் குற்றமா? இந்தக் கேள்வி இன்று நேற்று எழுந்ததல்ல. 1894-ல் டர்பன் நகரில், வக்கீல் தொழில் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்த மோகன்தாஸ் காந்தியின் அலுவலகத்துக்கு ஒரு தமிழர் வந்தார். பெயர் பாலசுந்தரம். ஒப்பந்தக் கூலி. கிழிந்த உடை, முன்பற்கள் இரண்டு உடைந்து வாயெல்லாம் ரத்தம், தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடுங்கினார். எஜமானன் அடித்திருந்தான்.

காந்தி சட்டத்தைப் புரட்டிப் பார்த்தார். சாதாரண வேலைக்காரன் சொல்லாமல் வேலையை விட்டுப் போனால் எஜமானன் சிவில் கோர்ட்டில் நஷ்டம் கேட்கலாம். ஒப்பந்தக் கூலி விட்டுப் போனாலோ கிரிமினல் கோர்ட்டு, சிறை! பாலசுந்தரத்தை வேறு ஓர் எஜமானரிடம் மாற்றிக் கொடுப்பதற்கே காந்தி அவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது. அடித்தவனுக்குத் தண்டனை வேண்டும் என்று அவர் கேட்கவில்லை; விடுதலைதான் கேட்டார். இந்தச் செய்தி பரவி, ஒப்பந்தக் கூலிகள் அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள்.

அன்னிய நாட்டில் நடந்தது என்று நாம் பெருமூச்சு விட்டுக்கொள்ள வேண்டியதில்லை. இங்கேயே 1859-ல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி மறைந்த கையோடு ஒரு சட்டம் பிறந்தது. முன்பணம் வாங்கிய வேலையாள் வேலைக்கு வராவிட்டால் மாஜிஸ்ட்ரேட் அவனை வேலைக்குப் போகவோ பணத்தைக் கட்டவோ உத்தரவிடலாம். மீறினால் மூன்று மாதம் வரை சிறை. சென்னை நகரமும் அதன் எல்லைக்குட்பட்டதே. 1926 வரை அது அமலில் இருந்தது. ஆறு தலைமுறை வக்கீல்களும் மாஜிஸ்ட்ரேட்டுகளும் என்று சொல்லாவிட்டாலும், அறுபத்தேழு வருஷ காலம் கடன்பட்ட கூலி தப்பி ஓடினால் குற்றவாளி என்பதே தர்மமாயிருந்தது. நம் கிராமத்து மேஸ்திரிக்கு அந்தச் சட்டத்தின் பெயர் தெரியாது; அதன் மனப்பான்மை மட்டும் நன்றாகத் தெரியும்.

சுதந்திர இந்தியாவின் அரசியல் சாசனம் 23-ஆம் விதியில் கட்டாய உழைப்பைத் தடுத்தது. அதற்கு உயிர் கொடுக்கும் தனிச் சட்டம் வர 1975 அக்டோபர் ஆயிற்று. முதலில் அவசரச் சட்டம், 1976 பிப்ரவரியில் முழுச் சட்டம். அந்தச் சட்டம் உலகத்தையே தலைகீழாக்கியது. கொத்தடிமைக் கடன் எல்லாம் ஒழிந்தது. அதை வசூலிக்க வழக்குப் போட முடியாது. கட்டாய உழைப்பு வாங்கியவனுக்கு மூன்று வருஷம் வரை சிறை. 1859-ல் கூலிக்கு மூன்று மாதம். 1976-ல் எஜமானனுக்கு மூன்று வருஷம்! அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பும் கடன் கொடுத்தவன் தலையில். கூடவே இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம். அந்த இரண்டாயிரம் 1976-ல் ஒரு தொகை. இன்று ஒரு லாரிக் கல்லின் விலையில் அது எந்த மூலைக்கு?

உச்ச நீதிமன்றமும் பின்வாங்கவில்லை. 1982-ல் நீதிபதி பகவதி, குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்புத்தான் என்று தீர்ப்பளித்தார். 1983 டிசம்பரில், பரீதாபாத் கல் குவாரி வழக்கில், கட்டாய உழைப்பு என்று தெரிந்தால் அதன் பின்னால் முன்பணம் இருக்கிறது என்றே அனுமானிக்க வேண்டும் என்றார். படிப்பறிவில்லாத தொழிலாளியிடம் கடனுக்கு ரசீது கேட்கும் வேடிக்கைக்கு அன்றே முடிவு கட்டியிருக்க வேண்டும்.

ஆனால் 1995-ல் உச்ச நீதிமன்றம் நியமித்த ஆணையம், தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாகச் சொல்லிற்று. அடுத்து சர்க்கார் எடுத்த கணக்கில் இருபத்தையாயிரம் பேரே அகப்பட்டார்கள். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் எங்கோ நம் பதினான்காம் எண் பையனின் குடும்பம் இருக்கிறது.

ஒரு காகிதம்

மீட்பது என்பது பாதி வேலைகூட அல்ல என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு இருளர் பெண்மணி. நாற்பது வயதிருக்கும். சூளையிலும் நெல் ஆலையிலுமாகப் பல வருஷம் கிடந்து விடுதலை பெற்றவர். இந்த வட மாவட்டங்களில் விடுவிக்கப்பட்ட கொத்தடிமைத் தொழிலாளர்கள் தாங்களே கூடிச் சங்கம் அமைத்திருக்கிறார்கள். அதில் அவரும் ஒருவர். ஊத்துக்கோட்டைப் பக்கத்தில் ஓர் இருளர் குடியிருப்பில், வேப்ப மரத்தடியில் நடந்த அவர்களுடைய கூட்டத்துக்கு நம்மை வரச் சொல்லியிருந்தார்கள். எதற்காக என்பதைப் பிறகு சொல்கிறோம்.

"ஐயா, ஆபீஸருங்க வந்து வண்டியிலே ஏத்தி ஊரிலே விட்டாங்கன்னா விடுதலைன்னு நினைச்சுக்கிறாங்க. கையிலே காகிதம் குடுத்தாங்களான்னு கேளுங்க" என்றார் அவர்.

அந்தக் காகிதம் விடுதலைச் சான்றிதழ். சட்டப்படி கலெக்டரோ அவருடைய அதிகாரம் பெற்ற ரெவின்யூ டிவிஷனல் ஆபீஸரோ விசாரித்துக் கொடுக்க வேண்டியது. அது இருந்தால் கடன் செத்தது, நிவாரணம் பிறந்தது. அது இல்லாமல், "கூலித் தகராறு" என்று எழுதிக்கொண்டு பஸ் சார்ஜ் கொடுத்து அனுப்பிவிட்டால், அடுத்த வாரமே மேஸ்திரி பழைய நோட்டோடு வந்து நிற்கிறார். ஆகவே சங்கத்தார் முதலில் கற்றுக் கொடுப்பது இதுதான்: விசாரணையின்போது முதலாளியின் ஆட்கள் இருக்கும் இடத்தில் வாய் திறக்காதே, தனியாக அழைத்துக் கேட்கச் சொல், வாங்கிய முன்பணம், வெளியே போக விடாதது, அடி உதை, எல்லாவற்றையும் சொல், காகிதம் வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதே.

இனி வருவதுதான் சிக்கல். மத்திய சர்க்காரின் திட்டப்படி, விடுவிக்கப்பட்டவருக்கு உடனடி உதவி உண்டு. 2022 ஜனவரி முதல் அது முப்பதாயிரம் ரூபாய் வரை. அதற்குமேல் மறுவாழ்வுத் தொகை ஆணுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம், கொடுமை மிகுந்த சிலவகை வழக்குகளில் மூன்று லட்சம். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் முழுத் தொகை கைக்கு வருவது, கோர்ட்டில் கொத்தடிமைத்தனம் நிரூபணமாவதோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. முதலாளி தண்டிக்கப்பட வேண்டுமானால் தொழிலாளி சாட்சி சொல்ல வேண்டும். தொழிலாளி சாட்சி சொல்ல வேண்டுமானால் வழக்கு முடியும் வரையில் உயிரோடிருந்து, வேறு முதலாளியிடம் முன்பணம் வாங்காமல் இருக்க வேண்டும். அதற்குக் கையில் காசு வேண்டும். காசு வர வேண்டுமானால் முதலாளி தண்டிக்கப்பட வேண்டும்! நம் வகுப்பில் பையன்கள் இப்படி ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினால் பெருக்கல் குறிக்குப் பதில் பிரம்பை எடுத்திருப்போம்.

ஆலோசித்துப் பார்த்தால் இங்கேதான் பொருளாதார நீதியும் குற்றவியல் நீதியும் ஒன்றையொன்று கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. வாய்தா மேல் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி நஷ்டம், பஸ் செலவு. மூன்றாம் வருஷம் முதலாளியின் ஆள் மாலை நேரத்தில் வந்து, "நடந்தது நடந்துபோச்சு, கோர்ட்டிலே ஞாபகமில்லைன்னு சொல்லிடு" என்று ஐயாயிரம் ரூபாயை நீட்டுகிறான். பிள்ளைக்குக் காய்ச்சல். சாட்சி பிறழ்ந்துவிட்டான் என்று கோர்ட்டில் எழுதிக்கொள்கிறார்கள். அவனைக் குறை சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

சங்கத்தின் பெரிய காரியம் இந்த வருஷங்களைக் கடத்திவைப்பதே. வாய்தாவுக்குப் போகிறவனோடு இரண்டு பேர் கூடப் போகிறார்கள். போகிறவன் வீட்டுக் குழந்தைகளை மற்றவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், மனைப்பட்டா இம்மூன்றுக்கும் தாலுகா ஆபீஸ் படிகளைத் தேய்க்கிறார்கள். இருளர் என்று உலகமே சொல்லும். சான்றிதழ் கேட்டால் மட்டும் ஆபீஸில் ஆதாரம் கேட்பார்கள். கார்த்திகை மாதத்துப் பசிக்கென்று வாரம் சிறு தொகை போட்டுச் சேமிக்கிறார்கள். மேஸ்திரியின் முன்பணத்தை எதிர்த்து நிற்கும் கோட்டை அந்தத் தகரப் பெட்டிதான். பெட்டியைத் திறந்து காட்டினார்கள், அதிகமில்லை.

சட்டத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் கோட்டத்திலும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். மாவட்டக் குழுவில் அந்த மாவட்டத்திலேயே வசிக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பாரில் மூவர் உறுப்பினராக வேண்டும். "அந்த மூணு நாற்காலியிலே ஒண்ணிலாவது சூளையிலே இருந்தவங்க உக்காரணும். எந்தச் சூளையிலே எந்த மாசம் எப்படி நடக்கும்னு எங்களுக்குத்தானே தெரியும்?" என்று அந்த அம்மாள் கேட்டார். கூட்டத்தில் யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் தலையை மட்டும் ஆட்டினார்கள்.

போலீஸ் ஸ்டேஷன் வாசல்

ஒரு சங்கடமான சமாசாரத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும். சூளையை விட்டு ஓடியவன் மேல், "மோட்டாரைத் திருடிக்கொண்டு போய்விட்டான்" என்று புகார் கொடுப்பது பழைய தந்திரம். பழங்குடி மேல் அந்தப் புகார் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். பிறப்பினாலேயே குற்றவாளி என்று ஜாதி ஜாதியாகப் பட்டியல் போட்ட ரேகைச் சட்டம் 1871-ல் வெள்ளைக்காரன் செய்தது. 1911-ல் சென்னை ராஜதானிக்கு வந்தது. அதை எதிர்த்ததற்காக 1920 ஏப்ரல் 3-ந் தேதி மதுரை ஜில்லா பெருங்காமநல்லூரில் துப்பாக்கிக்கு இரையானவர்களை நாம் மறக்கவில்லை. சென்னை மாகாணத்தில் 1947-லும், இந்தியா முழுவதிலும் 1952-லும் அது ஒழிந்தது. ஆனால் களவு போனதும் முதலில் யார் குடிசையைத் தட்டுவது என்ற பழக்கம் சட்டப் புத்தகத்தில் இருப்பதல்லவே, அது எளிதில் ஒழிவதற்கு!

கடலூர் ஜில்லா கம்மாபுரம் போலீஸ் நிலையத்தில் 1993-ல் ஒரு குறவர் அடித்துக் கொல்லப்பட்டு, பின்னர் நீதிபதியான வழக்குரைஞர் சந்துரு அவருடைய மனைவிக்காக உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்ட கதையைத் தழுவி 2021-ல் 'ஜெய் பீம்' என்ற திரைப்படம் வந்தது. வீட்டில் உட்கார்ந்து பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட லட்சக்கணக்கானவர்களில் நாமும் ஒருவர். அந்தப் படம் வருவதற்கு இருபத்தைந்து வருஷம் முன்பே, திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைத் தோற்றுவித்து, பொய் வழக்குகளையும் காவல் நிலையக் கொடுமைகளையும் எதிர்த்து ஒவ்வொரு குடிசையாகப் போய்க்கொண்டிருந்தார். பௌதிகம் கற்பித்த ஆசிரியர் ஒருவர் இத்தனை செய்திருக்கும்போது, கணிதம் கற்பிக்கும் நாம் வீடு கட்டியதோடு நிற்கிறோமே என்று வெட்கமாயிருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

நல்ல செய்தியும் உண்டு. 2022-ல் திருவள்ளூர் மாவட்டத்தில், ஜில்லா நிர்வாகத்தின் துணையோடு, விடுவிக்கப்பட்ட இருளர் குடும்பங்கள் தாங்களே சொந்தக்காரர்களாக இருந்து ஒரு சூளை நடத்தத் தொடங்கினார்கள். பெயர் 'சிறகு'. தங்களுக்குத் தெரிந்த தொழில் அதுதானே! தொழிலில் குற்றமில்லை, நோட்டு யார் கையில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அங்கே அறுத்த கல் பழங்குடி மக்களுக்காகக் கட்டும் வீடுகளுக்குப் போயிற்று. ஒரு சூளையால் ஒரு மாவட்டம் மாறிவிடும் என்று நாம் சொல்லத் துணியவில்லை. ஆனால் மேஸ்திரி இல்லாமலும் செங்கல் வேகும் என்பது தெரிந்துவிட்டது.

நிற்க. நம்மை எதற்காகக் கூட்டத்துக்கு அழைத்தார்கள் என்று சொல்லவில்லையே. நோட்டு எழுதச் சொல்லிக் கொடுப்பதற்காக! சூளைக்குப் போவதையே அடியோடு நிறுத்திவிட முடியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களாவது தங்கள் கணக்கைத் தாங்களே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது சங்கத்தின் யோசனை. ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. இடது பக்கம் வாங்கிய பணம். வலது பக்கம் அறுத்த கல். எழுத்துத் தெரியாதவர்கள் நூறு கல்லுக்கு ஒரு கோடு போடலாம். பத்துக் கோடு சேர்ந்தால் ஒரு வட்டம். ஆனியில் முதலாளி "பாக்கி" என்று சொல்லும்போது இந்த நோட்டை எடுத்து வைத்தால், கோர்ட்டில் அது எத்தனை தூரம் செல்லும் என்பது வக்கீல்களைக் கேட்க வேண்டிய விஷயம். மேஸ்திரியின் முகத்தில் என்ன நடக்கும் என்பதை அங்கிருந்த பெண்கள் நடித்தே காட்டினார்கள்.

நம்முடைய ஏழாம் வகுப்புப் பையன் அந்த ஆனியில் திரும்பி வந்தான். கை விரல்களெல்லாம் வெடித்திருந்தன. வகுப்பில் சேர்த்துக்கொண்டு, ஆயிரத்துக்கு இத்தனை என்றால் பதினெட்டாயிரத்து நானூறுக்கு எத்தனை என்று பலகையில் எழுதினோம். மற்றவர்கள் சிலேட்டையும் நோட்டையும் தேடுவதற்குள் விடையைச் சொல்லிவிட்டான். மழைக்காலத்தில் அவன் தகப்பனார் சங்கத்துத் தகரப் பெட்டியிலிருந்து மூவாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டதாகவும், மேஸ்திரியைத் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் கேள்விப்பட்டோம்.

அடுத்த பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று எட்டாம் வகுப்புப் பதிவேட்டைப் பிரித்தோம். அங்கே அவன் எண் பதினாறு. கூப்பிட்டதும், "உள்ளேன், ஐயா" என்று எழுந்து நின்றான். இருபத்திரண்டாம் எண்ணும் இருபத்தேழாம் எண்ணும் வரவில்லை.